பதினோராம் மாடியிலிருந்து இறங்கும் வழி

பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்த ஒருவரை மூன்று வாரச் சிகிச்சைக்குப் பின் வீட்டுக்கு அனுப்பினோம். நகரின் புறப்பகுதியில், பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் பதினோராம் மாடியில் அவருடைய வீடு இருந்தது. புறப்படும் நாளில் அவருடைய மனைவியிடம் நாங்கள் கொடுத்த குறிப்பேட்டில் மருந்துகளின் நேரம், உணவின் பக்குவம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கையில் புரட்டிவிடும் முறை, கை கால் பயிற்சிகள் அனைத்தையும் எழுதியிருந்தோம். எதுவும் விடுபடவில்லை என்றே நினைத்தோம்.

இரண்டு மாதங்கள் கழித்து, எங்கள் செவிலியர் வழக்கம்போல் அவரைப் பார்க்கச் சென்றார். அப்போது அந்த அம்மையார் ஒரு செய்தி சொன்னார். முந்தைய வாரம் ஓர் இரவு, கீழ்த்தளத்தில் உள்ள மின்மீட்டர் அறையில் தீப்பற்றியிருக்கிறது. மின்சாரம் நின்றது, லிஃப்டும் நின்றது. படிக்கட்டு வழியே புகை மேலேறி, பதினோராம் மாடி நடைவழியிலும் நெடி பரவியது. அண்டை வீட்டார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பேச இயலாத கணவர், இடக்கையால் வாசலைக் காட்டி, ‘நீ போ’ என்று சைகை செய்திருக்கிறார். அவர் போகவில்லை. கட்டிலின் ஓரத்தில் கணவரின் கையைப் பற்றியபடி உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்தில் தீ அணைந்தது. யாருக்கும் தீங்கு நேரவில்லை.

“மருந்தெல்லாம் நேரத்துக்குக் கொடுத்துடறேன் சிஸ்டர். அன்னைக்கு நெருப்பு மேல வந்திருந்தா இவரை நான் எப்படி இறக்கியிருப்பேன்?” என்று அவர் கேட்டார்.

எங்கள் செவிலியரிடம் அதற்கு விடை இல்லை. நாங்கள் கொடுத்த குறிப்பேட்டிலும் இல்லை. அது எங்கள் குறைதான். நடக்க இயலாத ஒருவரை உயரமான கட்டடத்துக்கு அனுப்பும்போது, அங்கிருந்து அவர் இறங்கும் வழியைப் பற்றியும் நாங்கள் பேசியிருக்க வேண்டும். அந்த உரையாடலை இக்கட்டுரையில் தொடங்குகிறோம். அடுக்குமாடியில் வாழும் நோயாளிகளும், அவர்களைப் பேணுவோரும் இதை ஒருமுறை சேர்ந்து படிக்க வேண்டுகிறோம்.

லண்டனில் நடந்தது

2017 ஜூன் 14-ஆம் நாள் நள்ளிரவு கடந்து ஒரு மணியை நெருங்கும் வேளையில், லண்டனின் கிரென்ஃபெல் டவர் என்னும் 24 மாடிக் குடியிருப்பில், நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில் இருந்த குளிர்பதனப் பெட்டியில் தீ தோன்றியது. வழக்கமாக இத்தகைய தீ அந்த ஒரு வீட்டோடு அடங்கிவிடும். ஆனால் அக்கட்டடத்தைப் புதுப்பித்தபோது வெளிச்சுவரில் அலுமினியத் தகடுகளைப் பதித்திருந்தார்கள். அத்தகடுகளின் நடுவில் எளிதில் எரியும் பாலிஎத்திலீன் இருந்தது. வெளிச்சுவரைத் தொட்ட தீ, ஏறத்தாழ இருபது நிமிடங்களில் கட்டடத்தின் உச்சியை எட்டியது.

அக்கட்டடத்தில் இருந்தது ஒரே படிக்கட்டு. ‘உங்கள் வீட்டில் தீ இல்லையென்றால் உள்ளேயே இருங்கள்’ என்பதே அங்கு வாழ்ந்தோருக்குச் சொல்லப்பட்டிருந்த விதி. ஒவ்வொரு வீட்டின் சுவரும் கதவும் தீயைத் தடுத்து நிறுத்தும் என்ற நம்பிக்கையில் எழுந்த விதி அது. வெளிச்சுவரே எரிந்தபோது அந்த நம்பிக்கை பொய்த்தது. ஆயினும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாக அதே அறிவுரை நீடித்தது. எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டபோது படிக்கட்டில் புகை நிறைந்திருந்தது. அந்தத் தீயில் 72 பேர் உயிரிழந்தார்கள்.

அக்கட்டடத்தில் வாழ்ந்த மாற்றுத்திறனாளிகள் 37 பேர். அவர்களில் 15 பேர் மாண்டார்கள். அவர்களை எப்படி வெளியேற்றுவது என்று எவரும் முன்கூட்டித் திட்டமிட்டிருக்கவில்லை. பின்னர் நடந்த பொது விசாரணை, 2019 அக்டோபரில் வெளியிட்ட முதற்கட்ட அறிக்கையில் ஒரு பரிந்துரையை முன்வைத்தது: தாமாக வெளியேற இயலாத ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வெளியேற்றத் திட்டம் ஒன்று எழுதப்பட வேண்டும், அத்தகையோரின் விவரம் தீயணைப்பு வீரர்களின் கைக்கு உடனே கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பரிந்துரையை நம் வீடுகளிலும் நடைமுறைப்படுத்தலாம். அதற்கு வேண்டியவை ஒரு தாள், ஒரு பேனா, நான்கு அண்டை வீட்டார். தீப்பற்றிய பிறகு யார் யாரைத் தூக்குவது, யார் தங்குவது, யார் போவது என்று முடிவெடுக்க எந்தக் குடும்பத்தாலும் இயலாது. ‘நீ போ’ என்று கணவர் சொல்லும் நிலையும், போகாமல் மனைவி உட்கார்ந்திருக்கும் நிலையும் நேராதிருக்க வேண்டுமானால், அமைதியான ஒரு நாளில் அம்முடிவை எடுத்து வைத்திருக்க வேண்டும்.

தீயைவிடப் புகைக்கு அஞ்சுங்கள்

கட்டடத் தீயில் பலரையும் முதலில் வீழ்த்துவது புகைதான். அது கூரையைத் தொட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி அறையை நிரப்பும். திறந்து கிடக்கும் படிக்கட்டு, புகைபோக்கியைப் போலவே செயல்பட்டுப் புகையை மேல்மாடிகளுக்கு இழுத்துச் செல்லும். மின்மீட்டர் அறைத் தீயின் நெடி பதினோராம் மாடிக்கு வந்தது அவ்வாறுதான்.

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்ளும். இதயநோய், நுரையீரல் நோய், இரத்தசோகை உடையோரை அது மிக விரைவில் பாதிக்கும்.

ஆகவே கதவுகளை மூடி வைப்பதே மிக எளிய பாதுகாப்பு. சாத்தப்பட்ட ஒரு கதவு தீயையும் புகையையும் கணிசமான நேரம் தடுத்து நிறுத்தும். இரவில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு உறங்குங்கள். தீப்பற்றிய அறையிலிருந்து வெளியேறும்போது கதவை இழுத்து மூடிவிட்டு வாருங்கள், பூட்ட வேண்டாம். படிக்கட்டுக் கதவைச் செங்கல் வைத்துத் திறந்தே நிறுத்தும் பழக்கம் பல குடியிருப்புகளில் உண்டு. அந்தச் செங்கல்லைக் கண்டால் அகற்றிவிடுங்கள்.

இறங்குவதா, இருப்பதா

இக்கேள்விக்கு எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. சூழலைப் பார்த்து முடிவெடுக்கக் கீழ்க்கண்ட மூன்று நிலைகளை நினைவில் கொள்ளுங்கள்.

தீ உங்கள் வீட்டுக்குள் இருந்தால் உடனே அனைவரும் வெளியேற வேண்டும். நோயாளியின் அறையில் தீ இல்லையெனில் முதலில் அந்த அறைக்கும் தீக்கும் இடையிலுள்ள கதவை மூடுங்கள்; பிறகு அவரை வீட்டுக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கம் கொண்டு செல்லுங்கள். நகை, பத்திரம், கைப்பேசி ஆகியவற்றைத் தேடி மீண்டும் உள்ளே போகாதீர்கள்.

தீ வேறிடத்தில் இருந்து, படிக்கட்டில் புகை இல்லாமல் இருந்தால் இறங்கிவிடுங்கள். லிஃப்டை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. மின்சாரம் நின்றால் அது இரு மாடிகளுக்கு இடையில் நின்றுவிடும். அதன் பாதையில் புகையும் ஏறும். நோயாளியோடு இருப்பவர்களுக்கு லிஃப்டை அழைக்கும் எண்ணம் எழுவது இயல்பு. அந்த எண்ணத்தைத்தான் முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும்.

கதவைத் திறந்ததும் படிக்கட்டில் அடர்ந்த புகை தெரிந்தால் இறங்க முயலாதீர்கள். கதவு தொடுவதற்குச் சூடாக இருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். தீயிலிருந்து தொலைவாக, சாலையைப் பார்த்த சன்னலோ பால்கனியோ உள்ள அறைக்கு நோயாளியை நகர்த்துங்கள். இடையிலுள்ள கதவுகளையெல்லாம் மூடுங்கள். ஈரத் துண்டுகளைக் கதவின் அடி இடுக்கில் செருகுங்கள். ஏசியை நிறுத்துங்கள். வெளியிலிருந்து புகை வராவிட்டால் சன்னலைச் சிறிது திறந்து, நிறம் பளிச்சென்ற துணியையோ, இரவானால் டார்ச் விளக்கையோ அசைத்துக் காட்டுங்கள்.

எந்நிலையிலும் தொலைபேசியில் 112 அல்லது 101 எண்ணை அழையுங்கள். ‘வேறு யாரேனும் அழைத்திருப்பார்கள்’ என்று இருந்துவிடாதீர்கள். கட்டடத்தின் பெயர், தெரு, அருகிலுள்ள அடையாளம், மாடி, வீட்டு எண் ஆகியவற்றைச் சொல்லி, ‘எழுந்து நடக்க இயலாத நோயாளி இருக்கிறார்’ என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். உள்ளே தங்குவது என்ற முடிவு நிலையானது அன்று. தீயோ புகையோ உங்கள் வீட்டை நெருங்கினால் மீண்டும் அழைத்துச் சொல்லுங்கள். வெளியேறும் வழி கிடைத்தால் வெளியேறுங்கள். கிரென்ஃபெல் நமக்குச் சொல்லும் பாடம் அதுவே.

தூக்கிச் செல்லும் முறை

சக்கர நாற்காலியில் நோயாளியை அமர்த்திப் படிக்கட்டில் உருட்டி இறக்க முயல்வது ஆபத்து. வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே செய்யக்கூடிய மூன்று முறைகள் உள்ளன.

உட்கார இயன்றவருக்கு, முதுகுச் சாய்வுள்ள உறுதியான மரநாற்காலி அல்லது இரும்பு நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். இடுப்பையும் மார்பையும் வேட்டியாலோ நீளத் துண்டாலோ நாற்காலியோடு கட்டுங்கள். ஒருவர் பின்னாலிருந்து சாய்வையும், மற்றவர் முன்னாலிருந்து கால்களையும் பிடித்து, நாற்காலியைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்தபடி படிப்படியாக இறங்க வேண்டும்.

உட்கார இயலாதவரைத் தடித்த ஜமுக்காளத்தில் கிடத்தலாம். ஓரங்களை உடலை ஒட்டிச் சுருட்டிக்கொண்டு, பக்கத்துக்கு இருவராக நான்கு பேர் தூக்க வேண்டும். இறங்கும்போது நோயாளியின் கால் பக்கம் முன்னே செல்லட்டும், தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும்.

வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டுமே இருந்தால், நோயாளியைப் போர்வையோடு தரைக்கு இறக்கி, தலைப்பக்கத்தைப் பிடித்துத் தரையோடு இழுத்துச் செல்லுங்கள். புகைக்குக் கீழே காற்று ஓரளவு தெளிந்திருக்கும். அடுத்த அறைக்கு நகர்த்திக் கதவைச் சாத்துவதற்கு இதுவே போதுமானது.

சிறுநீர்ப் பை, உணவுக் குழாய் உள்ளவர்களுக்கு அவை இழுபடாதவாறு உடலோடு சேர்த்து வையுங்கள். இம்முறைகளைப் படித்தறிவது போதாது. செய்து பார்க்க வேண்டும். வீட்டுக்குப் புறப்படும் முன் எங்கள் உடலியக்கச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். வார்டிலேயே உங்கள் குடும்பத்தாருக்குச் செய்து காட்டுவார்.

நோயாளியின் அறை

நோயாளிக்காக நாம் வாங்கும் சில பொருள்களே தீயை வளர்க்கக் கூடியவை. வீட்டில் ஆக்ஸிஜன் பயன்படுத்துவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்ஸிஜன் 21 விழுக்காடு. செறிவூட்டியிலிருந்தோ சிலிண்டரிலிருந்தோ வரும் ஆக்ஸிஜன் படுக்கையிலும் உடையிலும் தேங்கும்போது, சிறு பொறிகூட அவற்றை வேகமாக எரியச் செய்யும். ஆகவே ஆக்ஸிஜன் உள்ள அறையில் புகைபிடித்தல், விளக்கேற்றுதல், ஊதுபத்தி, கற்பூரம், சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் ஆகிய எதுவும் கூடாது. அடுப்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளியே நோயாளி இருக்க வேண்டும். கருவியை நிறுத்திய பிறகும் உடையில் ஆக்ஸிஜன் சிறிது நேரம் தங்கியிருக்கும். அரை மணி நேரமாவது கழித்தே நெருப்பின் அருகே செல்லலாம். பூசையறை விளக்கை நோயாளி ஏற்ற விரும்பினால், அவர் சார்பில் வீட்டார் வேறு அறையில் ஏற்றட்டும்.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் உள்ளவர்கள் முகத்திலும் உதட்டிலும் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டாம். நீர் கலந்த களிம்புகளைக் கேட்டு வாங்குங்கள். பாரஃபின் கலந்த தோல் களிம்புகள் துணியில் ஊறினால் அத்துணி எளிதில் தீப்பற்றும். துவைத்தாலும் அது முழுமையாக நீங்காது. இக்களிம்புகளை நிறுத்த வேண்டியதில்லை. நெருப்பை அணுகாமல் இருந்தால் போதும்.

காற்று மெத்தையின் மோட்டார், செறிவூட்டி, சளி உறிஞ்சும் கருவி ஆகிய அனைத்தையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகும் வழக்கத்தைக் கைவிடுங்கள். செறிவூட்டியைச் சுவரில் உள்ள மின்செருகியில் நேரடியாக இணையுங்கள். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியை நோயாளியின் அறையிலோ, வீட்டு வாசலை ஒட்டியோ வைத்து மின்னேற்றாதீர்கள். அது தீப்பற்றினால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.

வெளியே செல்லும்போது நோயாளியை உள்ளே வைத்து வெளிப்பக்கம் பூட்டிவிட்டுச் செல்வோர் உண்டு. அவர்களின் நெருக்கடியை நாங்கள் அறிவோம். எனினும் கேட்டுக்கொள்கிறோம்: மாற்றுச் சாவி ஒன்றை எதிர்வீட்டாரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். பால்கனியின் இரும்புக் கதவுக்குப் பூட்டு இருந்தால் அதன் சாவி, கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும் ஆணியில் தொங்கட்டும்.

சங்கத்திடம் கேளுங்கள்

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடங்களையே உயர்கட்டடம் என்கிறது. ஏறத்தாழ ஐந்து மாடி உயரம் அது. ‘எங்களுடையது சிறிய கட்டடம்தானே’ என்று இருந்துவிட வேண்டாம்.

குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். படிக்கட்டில் கிடக்கும் செருப்பு அலமாரிகளும், பழைய கட்டில்களும், மிதிவண்டிகளும் எப்போது அகற்றப்படும்? தீயணைப்புக் குழாயைத் திறந்தால் நீர் வருகிறதா, கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள்? தீயணைப்பு வண்டி நுழைந்து திரும்பும் இடத்தில் கார்கள் நிற்கின்றனவா? தாமாக இறங்க இயலாதவர்களின் பட்டியல் வாயிற்காவலரிடம் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியே எங்களுக்கு முதன்மையானது. முதியோர், நோயாளிகள், நிறைமாதக் கர்ப்பிணிகள், அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பியோர் ஆகியோரின் மாடியும் வீட்டு எண்ணும் அடங்கிய ஒரு தாள் காவலர் அறையில் இருந்தால், தீயணைப்பு வீரர்கள் வந்திறங்கிய நொடியே எங்கு செல்ல வேண்டும் என்று அறிவார்கள். நோயின் பெயரை அதில் எழுத வேண்டியதில்லை. ‘இருவர் தூக்க வேண்டும்’ என்ற குறிப்பே போதும்.

தப்பி வந்த பிறகு

புகையைச் சுவாசித்தவர்கள் நலமாகத் தோன்றினாலும் மருத்துவரைக் காண வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை இங்கே நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்ஸிஜன் ஒட்டியதாகவே அக்கருவி காட்டும். அது 98 என்று காட்டினாலும், தலைவலி, குமட்டல், மயக்கம், குழப்பம் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். குரல் கம்மினாலும், மூக்கிலோ எச்சிலிலோ கரி தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. மூச்சுப்பாதை வீங்குவதற்குச் சில மணி நேரம் ஆகலாம்.

தீக்காயத்தின் மீது குழாய்நீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, மை, மாவு, எண்ணெய், பனிக்கட்டி எதையும் வைக்க வேண்டாம். மோதிரம், வளையல் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள்.

ஒரு தாள்

இன்றே ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதுங்கள்: நோயாளி எப்படி இறங்குவார், நாற்காலியிலா, ஜமுக்காளத்திலா? பகலில் தூக்க வருவோர் யார், இரவில் வருவோர் யார்? அவர்களின் தொலைபேசி எண்கள் என்ன? இறங்க இயலாவிட்டால் எந்த அறையில் தங்குவது? மருந்துப் பட்டியலும் மருத்துவ அறிக்கையும் அடங்கிய பை எங்கே? எழுதிய தாளைக் கதவின் உட்புறம் ஒட்டி, ஒரு படியை எதிர்வீட்டாரிடம் கொடுங்கள். இப்போது எங்கள் வீட்டு அனுப்புக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இதற்கான இடம் ஒதுக்கியுள்ளோம்.

அந்தப் பதினோராம் மாடி வீட்டுக்கு எங்கள் செவிலியர் உடலியக்கச் சிகிச்சையாளருடன் மீண்டும் சென்றார். எதிர்வீட்டில் தங்கிப் படிக்கும் இரண்டு கல்லூரி மாணவர்களும், எட்டாம் மாடியில் வசிக்கும் ஒருவரும், காவலரும் வந்தார்கள். முதல் முறை ஜமுக்காளத்தின் ஒரு முனை நழுவியது. கட்டிலின் உயரத்திலேயே இருந்ததால் தீங்கில்லை. இரண்டாம் முறை படிக்கட்டு வரை சென்றார்கள். மூன்றாம் முறை அவரை நாற்காலியில் அமர்த்தி, பத்தாம் மாடிக்கு இறக்கி, லிஃப்டில் மேலே கொண்டு வந்தார்கள். நோயாளி இடக்கையால் ஒரு மாணவரின் தோளைத் தட்டினார்.

அந்த அம்மையார் நால்வருக்கும் காப்பி கொடுத்தார். அவர்களின் தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வாங்கி, தம் கையாலேயே கதவின் உட்புறம் ஒட்டினார்.